இத்தனை பேர் சுத்தி இருக்கேக்க கவுன்சிலிங் எதுக்கு?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் வொய்ஸ்களையும் ஒண்டாப் போட்டுப் பாக்கேக்க ஒரு விசயம் வடிவாத் தெரிஞ்சுது. கவுன்சிலிங் எண்டா என்ன எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அக்கா என்ன சொல்லுவா, மாமி விடுவாவோ, சனம் என்ன கதைக்கும், தம்பியை ஆர் கூட்டிக்கொண்டு போறது, இதுதான் எல்லாற்றை கேள்வியும். அதால இந்த மாதம் முழுக்க அதைப் பற்றியே கதைப்பம். ஆக்களை அடையாளம் பிடிக்கக்கூடிய விவரம் எல்லாம் மாத்தித்தான் போட்டிருக்கிறன், பயப்பிடாதேங்கோ.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு, கொக்குவில் பக்கம். அம்மா மோசம் போய் ஒண்டரை வருசமாகுது. இரவில ரெண்டு மணி மூண்டு மணிக்கு முழிப்பு வந்தா பேந்து நித்திரை இல்லை, சமைச்சுக்கொண்டு நிக்கேக்க திடீரெண்டு அழுகை வருது, வேலைக்கும் ஒழுங்காப் போறேல்லை. டொக்டர் எல்லா ரெஸ்ற்றும் செய்து பாத்திட்டு கவுன்சிலிங்குக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தவர். எங்கட குடும்பம் பெரிசு, அக்காமார் மூண்டு பேர், பெரியம்மா, சித்தி எல்லாரும் ஒரே ஒழுங்கைக்குள்ள. "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறம், முன்பின் தெரியாத ஆளிட்ட போய் வீட்டுக் கதை கதைக்கப் போறியோ" எண்டு பெரியக்கா கோவிச்சுக்கொண்டா. நான் போனா அது அவையளை அவமதிக்கிற மாதிரியோ?

பதில்: தங்கச்சி, முதல்ல பெரியக்காவைப் பற்றிக் கதைப்பம், ஏன் எண்டா அவ கோவிக்கிறதுக்குள்ள ஒரு நியாயம் இருக்கு. அம்மாவின்ர செத்தவீட்டை நினைச்சுப் பாருங்கோ. உங்கட வீட்டில அடுப்பு மூட்டியிருக்க மாட்டினம், அயலுக்குள்ள இருந்து தேத்தண்ணியும் சோறும் வந்திருக்கும், ஆரோ ஒரு மாமி பக்கத்தில இருந்து "ரெண்டு வாய் எண்டாலும் சாப்பிடு பிள்ளை" எண்டு தீத்தி விட்டிருப்பா, பந்தல் போட்டது ஆர், கதிரை எடுத்தது ஆர், பேப்பருக்கு அறிவித்தல் குடுத்தது ஆர் எண்டு உங்களுக்கு இண்டைவரைக்கும் தெரியாமலே இருக்கலாம். எட்டுச் செலவு மட்டும் ஆக்கள் உங்கட வீட்டிலயே படுத்தெழும்பியிருப்பினம், 31 ஆம் நாள் கீரிமலைக் கடற்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை முடிச்சு வரேக்கயும் ஒரு வான் நிறையச் சனம் கூட வந்திருக்கும். துக்கத்தைத் தாங்கிறதுக்கெண்டு எங்கட சனம் தலைமுறை தலைமுறையாக் கட்டி வைச்ச ஏற்பாடு அது, அந்த முதல் மாசத்தில அதைவிட நல்ல வைத்தியம் என்னட்டை இல்லை. 1985 இல கோஹன், வில்ஸ் எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள் எல்லாத்தையும் தொகுத்துப் பாத்திட்டுச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், பெரிய அடி விழேக்க பக்கத்தில துணைக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு மனசுக்குத் தெரிஞ்சா அந்த அடியின்ர வேகம் குறையுது எண்டு.

ஆனா 31 முடிய வாடகைக் கதிரை திரும்பிப் போகும், பந்தல் கழறும், வெளிநாட்டில இருந்து வந்தவை ரிக்கெற்றைப் பாத்துக்கொண்டு வெளிக்கிட்டிடுவினம். ஆட்டைத் திவசத்தோட ஊரைப் பொறுத்தவரைக்கும் அந்தக் கணக்கு முடிஞ்சுது. உங்களுக்கு முடியேல்லை. இது உங்கட பிழையில்லை, உலக சுகாதார நிறுவனத்தின்ர 2022 இல நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில நீடிக்கிற துக்கம் எண்டு தனியாவே ஒண்டு சேத்திருக்கினம், ஆறு மாசத்துக்கு மேல போயும், அந்தச் சமூகத்தின்ர வழமைக்கு மேலாலயும், அண்டாட வாழ்க்கையைக் குழப்பிற அளவில துக்கம் நிண்டா அதுக்கு உதவி வேணும் எண்டு. உங்களுக்கு அதுதான் எண்டு நான் கடிதத்தை வைச்சுச் சொல்லேலாது. துண்டு எழுதித் தந்த டொக்டர் ஏதோ கண்டுதான் எழுதியிருப்பார்.

இனி நான் சொல்லப் போறதை ஆறுதலா வாசியுங்கோ. செத்தது பெரியக்காவின்ர அம்மாவும்தான். நீங்கள் அழுதா அவ உடைஞ்சுபோவா எண்டு நீங்கள் குசினிக்குள்ள நிண்டு அழுறியள், அவ அழுதா தங்கச்சி தாங்க மாட்டாள் எண்டு அவ கிணத்தடியில போய் நிண்டு அழுறாவாக்கும், ஒரே ஒழுங்கைக்குள்ள நாலு சகோதரங்கள் ஆளை ஆள் காப்பாத்திக்கொண்டு தனித்தனியா அழுதுகொண்டிருப்பியள். நான் கண்ட கன குடும்பங்களில இப்பிடித்தான். வெளி ஆள் தேவைப்படுறது இந்த இடத்திலதான். கவுன்சிலருக்கு உங்கட அம்மாவைத் தெரியாது, அவவுக்கு முன்னால நீங்கள் ஒருத்தரையும் காப்பாத்தத் தேவையில்லை, கடைசி நாளில ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனது, அம்மாவோட முகம் குடுத்துக் கதைக்காமல் விட்டது, அம்மாவில இருந்த கோவம், இதுகளை அக்காவிட்ட சொல்ல ஏலாது, அங்க சொல்லலாம்.

உங்கட கேள்விக்குள்ள இன்னொரு கேள்வியும் கிடக்கு. இவ்வளவு ஆக்கள் சுத்தி இருந்தும் ஏன் எனக்குப் போக வழி கிடைக்கேல்லை? இதை ஆராய்ஞ்ச ஆக்கள் இருக்கினம். 1960 களில சார்ள்ஸ் கடூஷின் எண்ட சமூகவியலாளர் நியூயோர்க்கில உளச்சிகிச்சைக்கு வந்த ஆக்களைப் பற்றி ஆய்வு செய்தவர். அங்க வந்தவையில கனபேர், ஏற்கெனவே சிகிச்சைக்குப் போன, அதைப் பற்றி வெளிப்படையாக் கதைக்கிற சிநேகிதரைக் கொண்டவையா இருந்தவை. சுத்தி எத்தினை பேர் எண்டதை விட அந்த ஆக்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் எண்டதுதான் பெரிய விசயம். அதே காலத்தில எலியட் ஃப்ரைட்சன் எண்டவர் எழுதினார், வருத்தம் வந்த ஒரு ஆள் டொக்டரிட்டப் போக முதல் வீட்டுக்காரர், சொந்தக்காரர், அயலட்டை எண்டு ஒரு வரிசையைத் தாண்டித்தான் போறார், அந்த வரிசைதான் எங்க போறது எண்டு முடிவெடுக்குது எண்டு. உங்கட மூண்டு அக்காமாரில ஒராள் எண்டாலும் ஒருக்கா கவுன்சிலிங்குக்குப் போய் வந்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது, பல்லுக்குப் போற மாதிரிப் போயிருப்பியள்.

அதால பெரியக்காவோட வாதாடாதேங்கோ. அவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. உள்ளுக்கு இல்லை, வெளி வாங்கு வரைக்கும். நான் முந்தி வேலை செய்த இடத்தில ஒரு பிள்ளையோட தமக்கை ஒவ்வொரு முறையும் வருவா, வேப்பமரத்துக்குக் கீழ வாங்கில இருந்துகொண்டு ஒரு பச்சைப் பிளாஸ்கில தேத்தண்ணி வைச்சிருப்பா, பிள்ளை அழுத கண்ணோட வெளியில வந்தா ஒண்டும் கேக்க மாட்டா, மூடியில தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா, ரெண்டு பேரும் பேசாமல் குடிச்சிட்டு பஸ்ஸுக்குப் போவினம். அஞ்சாம் முறையோ ஆறாம் முறையோ அந்தத் தமக்கை என்னட்டை வந்து "எனக்கும் ஒரு நாள் தருவியளோ" எண்டு கேட்டா. பெரியக்காவிட்ட இப்பிடிக் கேளுங்கோ, "அக்கா, தனியப் போகப் பயமாக்கிடக்கு, நீங்கள் வந்து வெளியில இருப்பியளோ?" கோவிச்சுக்கொண்டு இருக்கிற ஒரு மூத்த அக்காவாலயும் அதுக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலாது எண்டு நினைக்கிறன்.

கேள்வி: தம்பிக்கு 22 வயசு. எட்டு மாசமா அறையை விட்டு வாறேல்லை, கம்பஸுக்குப் போறதையும் நிப்பாட்டிட்டான், ஆரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறது கேக்குதாம், ஜன்னலை எல்லாம் பேப்பர் ஒட்டி மூடி வைச்சிருக்கிறான். சாத்திரி பாத்து, நூல் கட்டி, சந்நிதி கோயிலிலயும் ஒரு கிழமை தங்கிட்டு வந்தம். நான் கவுன்சிலிங்குக்குக் கொண்டு போவம் எண்டு சொல்லுறன், அம்மா மாட்டன் எண்டு நிக்கிறா. அக்காவுக்குக் கலியாணம் பேசுப்படுது, வெளியில தெரிஞ்சா குழம்பிப் போகும் எண்டு. என்ன செய்யிறது?

பதில்: தம்பி, இதில நான் நேரடியாச் சொல்லுறன். ஆக்கள் கதைக்கிறது கேக்குது, எட்டு மாசமா வெளியில வாறேல்லை எண்டா கவுன்சிலிங்கில தொடங்குற விசயம் இல்லை இது, மனநல டொக்டர் பாக்கோணும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. மருந்து தொடங்கிக் குரல்கள் அடங்கி வரேக்கதான் கதைச்சுச் செய்யிற சிகிச்சை பிடிபடும், அப்ப அவனோட மட்டும் இல்லை உங்கள் எல்லாரோடயும் கதைப்பினம். இந்த மாதிரி வருத்தத்துக்கு எவ்வளவு சுணங்குதோ அவ்வளவுக்குத் திரும்பி வாறது கஷ்டம், எட்டு மாசம் ஏற்கெனவே போட்டுது.

அம்மாவில கோவிக்காதேங்கோ. "விசர்", "மந்திகைக்குக் கொண்டு போகோணும்" (மனநோய்க்குக் கொண்டு போற ஆஸ்பத்திரி எண்டு பேர் விழுந்த இடம்) எண்ட சொல்லுகளைக் கேட்டு வளந்த தலைமுறை அவ, அந்தச் சொல்லு ஒரு வீட்டில விழுந்தா அந்த வீட்டுப் பெட்டைக்குச் சம்பந்தம் வராது எண்டதைக் கண்ணால கண்டவ. அவவின்ர பயம் கற்பனை இல்லை. ஆனா ஒண்டைக் கேளுங்கோ, ஜன்னலில பேப்பர் ஒட்டிக் கிடக்கிறதை ஒழுங்கையால போற வாற சனம் பாக்கேல்லையோ? தெரியவேண்டிய ஆக்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். சிகிச்சை எடுத்துச் சுகமாகி வேலைக்குப் போற மச்சான் ஒருத்தன் இருக்கிற வீட்டுக்கும், பூட்டின அறைக்குள்ள ஒருத்தன் இருக்கிற வீட்டுக்கும், எந்த வீட்டுக்குச் சம்பந்தம் பேசிறவை ஓம் எண்டுவினம் எண்டு அம்மாவை யோசிக்கச் சொல்லுங்கோ.

நீங்கள் சாத்திரி, நூல், சந்நிதி எண்டு அலைஞ்சதையும் நான் குறையாச் சொல்ல மாட்டன், உலகம் முழுக்க மனிசர் இப்பிடித்தான் வந்து சேருகினம். பேர்னிஸ் பெஸ்கோசோலிடோ எண்ட அமெரிக்கச் சமூகவியலாளரும் அவவோட வேலை செய்தவையும் முதல்முதலா மனநல சிகிச்சைக்கு வந்த 109 பேரிட்ட எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டு 1998 இல எழுதிச்சினம். தானா யோசிச்சு விரும்பி வந்தவை பாதிப்பேர் கூட இல்லை. கால்வாசிக்குக் கிட்ட மற்றவை கட்டாயப்படுத்திக் கொண்டு வந்தவை. மிச்சப்பேர் அங்க போய் இஞ்ச போய்த் தட்டுத்தடுமாறி வந்து சேந்தவை. உங்கட குடும்பம் அந்தத் தட்டுத்தடுமாறுற வழியில நிக்குது, இன்னும் ஒரு எட்டு வைச்சாக் காணும். சந்நிதிக்குப் போறதை விடச் சொல்லி ஒரு நல்ல டொக்டரும் சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை சந்நிதி, கிளினிக் நாளில கிளினிக், ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்காது. அம்மா நம்பிற ஒரு ஆளைப் பிடியுங்கோ, அது ஐயராயும் இருக்கலாம், தாய்மாமனாயும் இருக்கலாம், மிட்வைஃப் மிஸ்ஸாயும் இருக்கலாம், அவரை வைச்சு "ஒருக்காக் காட்டிப் பாப்பம்" எண்டு சொல்லுவியுங்கோ.

தம்பியை இழுத்துக்கொண்டு போகாமல் பாக்கிறது நல்லம். அவனுக்கு நித்திரை இல்லை எண்டா நித்திரைக்கு மருந்து எடுப்பம் எண்டு கேளுங்கோ, அது பொய்யும் இல்லை. தனக்கோ மற்றவைக்கோ ஆபத்துச் செய்யிற மாதிரி இருந்தா மட்டும் ஒரு நிமிசமும் பாக்கக்கூடாது, நேர ஆஸ்பத்திரிதான். மனசு சம்பந்தமா அவசரமாக் கேக்கிறதுக்கு 1926 எண்ட தேசிய மனநல இலக்கம் இருக்கு, 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம்.

மருந்து தொடங்கின பிறகு வீட்டுக்காரர் கவனிக்கவேண்டிய ஒண்டும் இருக்கு. லண்டனில ஜோர்ஜ் பிரவுனும் பேந்து வோன், லெஃப் எண்டவையும் 1976 வரைக்கும் செய்த ஆய்வுகளில, ஆஸ்பத்திரியால சுகமாகி வீட்ட போனவையில ஆர் திரும்ப வருத்தமாகி வருகினம் எண்டு பாத்தவை. எந்த நேரமும் குறை சொல்லுற, ஏசுற வீட்டுக்குப் போனவையும், அதேமாதிரி அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பாக்கிற வீட்டுக்குப் போனவையும் கூடத் திரும்பி வந்திச்சினம். "சோம்பேறி, எழும்படா" எண்டு அப்பா கத்துறதும், அம்மா சோத்தைக் குழைச்சு 22 வயசுப் பெடியனுக்குத் தீத்துறதும் ரெண்டுமே அவனுக்குக் கூடாது. கிளினிக்கில இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கோ.

கேள்வி: கவுன்சிலர் நான் சொல்லுறதை வெளியில சொல்ல மாட்டாவோ? எங்கட ஊரில எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

பதில்: சொல்லக்கூடாது, அது தொழிலின்ர முதல் ஒழுங்கு. உயிருக்கு ஆபத்து, சின்னப் பிள்ளையளுக்குத் துன்புறுத்தல் மாதிரி விசயங்களில மட்டும் விலக்கு இருக்கு, அதையும் முதல் நாளே உங்களுக்குச் சொல்லோணும், சொல்லாட்டி நீங்களே கேளுங்கோ. ஆனா உங்கட பயம் எனக்கு விளங்குது, போய்க் கதிரையில இருந்தாப் பிறகுதான் மிஸ் உங்கட மச்சாளோட படிச்சவ எண்டு தெரியவரும். வெக்கப்படாமல் வேற ஆளைக் கேக்கலாம், ஒரு கவுன்சிலரும் அதைக் கோவிக்க மாட்டா. பிரதேச செயலகங்களில உளவளத்துணை உத்தியோகத்தர்மார் இருக்கினம், உங்கட பகுதியில விருப்பமில்லை எண்டா வேற இடத்தில விசாரியுங்கோ. யாழ்ப்பாணத்தில 1987 இல இருந்து சாந்திகம் எண்ட நிறுவனமும் இந்த வேலையைச் செய்து வருது. வெளியூர்க் கிளினிக்குக்கு பஸ் பிடிச்சுப் போறவை கனபேர். உள்ளதைச் சொல்லுறதுக்கு அந்தத் தூரம் உதவி செய்யுது.

கேள்வி: நான் ஒரு மாமியார், 61 வயசு. மகன் கட்டாரில. மருமகளுக்குப் பிள்ளை பிறந்து மூண்டு மாசம். பிள்ளையைத் தூக்கவே விருப்பமில்லாமல் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா, சும்மா சும்மா அழுறா. சரக்குக்கறி, பத்தியம் எல்லாம் ஒழுங்காத்தான் குடுத்தனான். நடிக்கிறா எண்டு என்ர மூத்த மகள் சொல்லுறாள். எனக்கு அப்பிடித் தெரியேல்லை. நான் என்ன செய்யோணும் பிள்ளை?

பதில்: அம்மா, உங்கட கடிதத்தை நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சனான். "எனக்கு அப்பிடித் தெரியேல்லை" எண்ட அந்த ஒரு வரிக்காக. மருமகள் நடிக்கேல்லை. பிள்ளைப்பேறுக்குப் பிறகு வாற மனச்சோர்வு எண்டு ஒண்டு இருக்கு, பத்தியம் பிழைச்சதாலயோ நீங்கள் கவனிக்காமல் விட்டதாலயோ வாறதில்லை. நல்லாச் சுகப்படுத்தலாம்.

பாகிஸ்தானின்ர கிராமங்களில அதிஃப் றஹ்மான் எண்ட மனநல மருத்துவரும் அவரோட சேந்தவையும் செய்த ஒரு வேலையைச் சொல்லுறன், 2008 இல வெளிவந்தது. கர்ப்பமா இருக்கேக்கயே மனச்சோர்வு இருந்த 903 தாய்மார். எங்கட மிட்வைஃப் மாதிரி வீடு வீடாப் போற சுகாதாரப் பெண்களுக்கு உளச்சிகிச்சையின்ர அடிப்படையைப் பழக்கி, வீட்ட போகேக்க அதைச் செய்ய வைச்சினம். பிள்ளைக்கு ஆறு மாசமாகேக்க, அந்த உதவி கிடைச்ச தாய்மாரில 23 வீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சமிருந்தது, சாதாரணமா வீட்டுக்கு ஆள் வந்து போன மற்றத் தாய்மாரில 53 வீதம். வீட்டுக்காரரையும் சேத்துத்தான் செய்தவை, குழந்தை நல்லா வளரோணும் எண்டது எல்லாற்றை விருப்பமும் எண்டு தொடங்கினபடியா மாமிமார் கதவைத் திறந்து விட்டவை. "உன்ர மருமகளுக்கு மனநோய்" எண்டு ஆரும் வந்து நிண்டிருந்தா திறந்திருப்பினமோ?

உங்கட வீட்டில கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கு, நீங்கள்தான் திறந்திருக்கிறியள். உங்கட பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு நாளைக்கே போன் எடுங்கோ, நிறை பாக்க வரேக்க இதையும் சொல்லுங்கோ, அவ உளநல வைத்திய அதிகாரியிட்ட அனுப்புவா. இரவில ஒரு தரம் பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொண்டு போய் மருமகளை நாலு மணித்தியாலம் ஒரேயடியா நித்திரை கொள்ள விடுங்கோ. அவவின்ர தாய் கிட்ட இருந்தா வரச் சொல்லுங்கோ, போட்டி எண்டு நினைக்காதேங்கோ. மகனிட்டயும் உள்ளதைச் சொல்லுங்கோ, மறைக்காதேங்கோ, கட்டாரில இருந்து எடுக்கிற போனில அவன் முதல்ல பிள்ளையைக் காட்டு எண்டு கேக்காமல் "நீ எப்பிடி இருக்கிறாய்" எண்டு அவவைக் கேக்கட்டும். செத்துப்போனாப் பரவாயில்லை எண்டோ, பிள்ளைக்கு ஏதும் செய்துபோடுவன் எண்டோ ஒரு சொல்லு வந்தாலும், தனக்குத்தானே கதைக்கிறா மாதிரித் தெரிஞ்சாலும், அண்டைக்கே ஆஸ்பத்திரி. மூத்த மகளிட்ட, "நீ உன்ர வாயை வைச்சுக்கொண்டு கொஞ்ச நாளைக்கு இரு" எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ.

கேள்வி: என்ர சிநேகிதி மூண்டு வருசமா எல்லாத்தையும் எனக்குத்தான் சொல்லுறா. ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் போன். நான் களைச்சுப் போனன், ஆனா நான் விட்டா அவவுக்கு ஒருத்தரும் இல்லை.

பதில்: மூண்டு வருசம் ஒரு ஆளைத் தாங்கியிருக்கிறியள், அது சின்ன வேலை இல்லை. ஆனா நீங்கள் நல்லாக் கேக்கிறதாலயே அவவுக்கு வேற இடத்துக்குப் போகத் தேவை வரேல்லை எண்டதையும் யோசியுங்கோ. கொதிக்கிற பானையின்ர மூடியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திறந்து ஆவியை விட்டுக்கொண்டிருக்கிறியள், அடுப்பு அப்பிடியே எரியுது. "நான் உன்னை விடப் போறேல்லை, ஆனா எனக்குத் தெரிஞ்சது காணாது, நான் கூட வாறன், ஒராளைப் பாப்பம்" எண்டு சொல்லுங்கோ, முதல் நாள் உண்மையாவே கூடப் போங்கோ. போனை அரை மணித்தியாலமாக் குறையுங்கோ, ஆனா ஒரு கிழமையும் எடுக்காமல் விடாதேங்கோ. சிகிச்சைக்குப் போகத் தொடங்கினவுடன சிநேகிதர் "இனி அவை பாப்பினம்" எண்டு விலகினா, ரெண்டாம் மூண்டாம் முறையோட அவ போறதை விட்டிடுவா.

கேள்வி: ஸ்காபரோவில இருந்து எழுதுறன். அம்மா போன பிறகு அப்பா ஊரில தனிய, 74 வயசு. மாசம் மாசம் காசு அனுப்புறன், சமைக்க ஒரு ஆள் வருது, கமெரா பூட்டியிருக்கு. போனில "ஒரே யோசினையாக்கிடக்கு" எண்டு மட்டும் சொல்லுவார். ஒன்லைனில தமிழ் கவுன்சிலர் ஒராளை ஒழுங்குபடுத்திக் குடுத்தன், "எனக்கென்ன விசரோ" எண்டு போனை வைச்சிட்டார்.

பதில்: தம்பி, நீங்கள் தூரத்தில இருந்து செய்யக்கூடிய எல்லாத்தையும் செய்திருக்கிறியள். ஆனா அப்பாவின்ர பக்கத்தில நிண்டு ஒருக்காப் பாருங்கோ. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டு நடந்ததில அவரும் நடந்திருப்பார். அண்டைக்கு ஒரே ஒழுங்கையில இருந்த ஆக்கள் தென்மராட்சி, வன்னி எண்டு சிதறி, பேந்து கொழும்பு, பாரிஸ், லண்டன், உங்கட ரொரன்ரோ எண்டு போட்டினம். எங்கட யாழ்ப்பாணத்தில கனகாலம் வேலை செய்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத்தான் கூட்டு மனவடு எண்டு 2007 இல எழுதினவர், யுத்தம் தனித்தனி ஆக்களை மட்டும் இல்லை குடும்பத்தையும் ஊரையும், ஆளை ஆள் நம்பிற அந்தப் பிடிப்பையும் உடைச்சுப் போட்டுது எண்டு. அப்பாவுக்கு அம்மா போனது இந்தக் கணக்கில கடைசி ஆள். "அண்ணை, முகம் சரியில்லை, வாங்கோ ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம்" எண்டு படலையடியில நிண்டு சொல்லுறதுக்கு அவருக்கு இப்ப ஆர் இருக்கினம்? கமெராவால அதைச் சொல்ல ஏலாது.

"ஒரே யோசினை" எண்ட அந்தச் சொல்லைப் பெரிசா எடுங்கோ. மனசு சரியில்லை எண்டதை எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். சிம்பாப்வேயிலயும் அப்பிடித்தான் சொல்லுகினம், ஷோனா மொழியில "குஃபுங்கிசிசா", கூட யோசிக்கிறது எண்டு அர்த்தம். அங்க டிக்சன் சிபாண்டா எண்ட மனநல டொக்டர் 2006 இல ஹராரேயில, கிளினிக் வளவுக்குள்ள ஒரு மரவாங்கைப் போட்டு, அயலில இருக்கிற அம்மம்மாமாரைப் பழக்கி அதில இருத்தினார். சனம் வந்து பக்கத்தில இருந்து கதைக்கும், அவை கேட்டு, இதுக்குள்ள எந்தப் பிரச்சினையை முதல்ல பாப்பம் எண்டு ஒண்டொண்டாப் பிரிச்சுக் கதைப்பினம். 2016 இல 573 பேரை வைச்சு நடத்தின ஆய்வின்ர முடிவு வந்தது, ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா வாங்கில இருந்து கதைச்சவை மற்றவையை விட நல்லாத் தெளிஞ்சிருந்தவை. கதைக்க வந்த ஆக்களுக்கு அது "விசருக்கு மருந்து" மாதிரித் தெரியேல்லை, தங்கட ஆச்சியோட கதைக்கிற மாதிரி.

அதால ஒன்லைன் கவுன்சிலரை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கோ. அப்பாவுக்குப் பிரஷர், சீனிக்குக் கிளினிக் இருந்தா அங்க நித்திரை, யோசினை, சாப்பாட்டு மனமில்லாதது எல்லாத்தையும் டொக்டருக்குச் சொல்ல ஒரு ஆள் கூடப் போகோணும், வயசு போனவைக்கு உடம்பு வருத்தமே மனச்சோர்வு மாதிரித் தெரியிறதும் உண்டு, அதையும் பாக்கோணும். அந்தக் கூடப் போற ஆளைத்தான் நீங்கள் இப்ப தேடவேண்டிக் கிடக்கு. சம்பளத்துக்கு இல்லை, அவர் மதிக்கிற ஆளா. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கேக்க மருந்து போட்டியளோ, காசு வந்ததோ எண்டு தொடங்காமல், முந்தி வாசிகசாலையில காலமை உங்களோட பேப்பர் வாசிக்க ஆர் ஆர் வாறவை எண்டு கேட்டுப் பாருங்கோ. பத்துப் பேற்றை பேர் சொல்லுவார், அதில ஏழெட்டுப் பேர் செத்திட்டினம், இல்லாட்டி வெளிநாடு எண்டும் சொல்லுவார். குறுக்கிடாமல் கேளுங்கோ, நேரம் போகட்டும். மிச்சம் ஒரு ஆள் இருப்பார், சுன்னாகத்திலயோ மானிப்பாயிலயோ, சைக்கிள் ஓடுறதையும் விட்டிட்டு வீட்டோட இருப்பார். அவற்றை பேரை எழுதி வைச்சு, இலக்கத்தைத் தேடி, நீங்களே அவருக்கு ஒரு போன் எடுங்கோ, ஆரின்ர மகன் எண்டு சொல்லி, அப்பாவை ஒருக்கா எட்டிப் பாக்கச் சொல்லி. ஓட்டோக் காசை நீங்கள் அனுப்பலாம்.